விசுவமடுவும் எமது ஞாயிறு வகுப்பும்

நூற்றாண்டு மலருக்கு விசுவமடுவைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று மலர்க்குழுக் கூட்டத்திலேயே மூத்த அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எமது கல்லூரி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. விசுவமடுவோ பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-35 வீதியில், தருமபுரத்துக்கும் உடையார்கட்டுக்கும் இடையில் கிடக்கிறது. கல்லூரியின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் அந்தப் பெயர் எங்கும் வராது. ஆனால் 1996 தொடக்கம் ஒன்றிரண்டு வருடம் எங்களில் சிலருடைய வகுப்பறை அங்கேதான் இருந்தது. 2020 இலிருந்து இரண்டு வருடம் எங்களில் இன்னும் சிலர், அந்த ஊருக்குப் போகாமலே, கைபேசி வழியாக அங்குள்ள பிள்ளைகளுக்குப் படிப்பித்தோம். இரண்டையும் ஒன்றாக வைத்து எழுத வேண்டும் என்று தோன்றியது. இது எமது வகுப்புத் தோழியர் ஐவர் சேர்ந்து எழுதும் குறிப்பு. ஒருத்தி இப்போதும் விசுவமடுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. மற்றவர்கள் யாழ்ப்பாணம், ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் என்று சிதறிப் போனவர்கள்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். விசுவமடுவில் இன்றைய குடியிருப்பு பெரும்பாலும் குடியேற்றத் திட்டத்தால் வந்தது. 1960 களின் நடுப்பகுதியில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு வன்னியில் காணி கொடுத்த ‘படித்த வாலிபர் திட்டம்’ அங்கும் வந்தது. முத்தையன்கட்டைப் போல இங்கும் மேட்டுநிலத்துக்குத் தண்ணீர் இறைத்துப் பயிர் செய்தார்கள். 1970 களின் தொடக்கத்தில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டபோது, அந்தத் தோட்டங்களில் நின்ற செத்தல் மிளகாய்க்கு வந்த விலையைப் பற்றி எங்கள் தகப்பன்மார் வாழ்நாள் முழுக்கப் பேசினார்கள். யாழ்ப்பாணத்தில் எஸ்.எஸ்.சி. படித்த பெடியன் விசுவமடுவில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டினான் என்பது அந்தக் காலத்தில் ஒரு புதினம். படித்தவர்களுக்கென்று தொடங்கிய ஊர் என்பதால் பள்ளிக்கூடத்தின்மேல் அங்குள்ளவர்களுக்கு எப்போதும் ஒரு கண் இருந்தது. பிற்பாடு நடந்ததை விளங்கிக்கொள்ள அது உதவும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நாங்கள் நடந்த கதையை இந்த மலரிலேயே வேறு சிலர் எழுதியிருப்பார்கள். தென்மராட்சியிலிருந்து பலர் திரும்பிப் போனார்கள். எங்கள் குடும்பங்களில் சில கிளாலிக் கடலேரியைத் தாண்டி வன்னிக்குப் போயின. கிளிநொச்சியில் கொஞ்ச நாள். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சியும் கைமாற, சனம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஏ-35 நெடுகப் பரந்தது. எங்களில் இரண்டு பேர் அப்போது பதினோராம் வகுப்பு.

அங்கிருந்த பள்ளிக்கூடம் ஊர்ப் பிள்ளைகளுக்கே காணாது. ஊர்ப் பிள்ளைகள் காலையில், இடம்பெயர்ந்த நாங்கள் பின்னேரத்தில் என்று இரண்டு நேரமாகப் பிரித்தார்கள். கிடுகுக் கொட்டிலில் ஒரு வகுப்பு, பாலைமரத்தடியில் ஒரு வகுப்பு. மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் கையைச் சுடும் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து எரித்த அந்தச் சின்ன விளக்கை அறியாதவர்கள் எமது சங்கத்தில் இப்போது நிறையப்பேர் இருப்பார்கள். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். பெடல் சுற்றுகிறவர் களைத்தால் தமிழோசையும் களைத்துவிடும்.

பாடப்புத்தகம் கொட்டிலுக்கு ஒன்று. விஞ்ஞானப் புத்தகம் ஒன்று எங்கள் வகுப்பில் வீடு வீடாகப் போய்வந்தது. இரவு வந்தால் விடிவதற்குள் ஓர் அலகை சீ.ஆர். கொப்பியில் எழுதி முடித்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். படம் கீறத் தெரிந்தவள் எல்லோருக்கும் படம் கீறினாள், கையெழுத்து நல்லவள் எழுதினாள். யார் எந்தப் பக்கத்தை எழுதினார்கள் என்பது எழுத்திலேயே தெரியும். சிறுநீரகத்தின் நெடுக்குவெட்டு முகத்தை நினைத்தால் எங்களுக்கு இன்றைக்கும் ஒரு தோழியின் பென்சில் கோடுதான் ஞாபகம் வருகிறது. ஆசிரியர் ஒருவர், இடம்பெயர்ந்து வந்தவர்தான், கணக்கு வினாக்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி அனுப்புவார். செய்து திருப்பி அனுப்பினால் சிவப்புப் பேனையால் திருத்தி அடுத்தநாள் வரும். கொண்டுபோய்க் கொடுத்தது பால் எடுக்கப் போகும் ஒரு தம்பி. கேள்வி ஒருவரிடமிருந்து பலருக்குப் போய், விடை பலரிடமிருந்து ஒருவருக்கு வந்து, எல்லோரும் மற்றவர் பிழையையும் பார்த்துப் படிக்கும் அந்த முறையை இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு வட்ஸ்அப் குழுவில் கண்டபோது, எங்களுக்கு அது புதிதாகவே தெரியவில்லை.

இங்கே ஒரு பக்கக் கதை. தூரத்திலிருந்து படிப்பிப்பது இலங்கைக்குப் புதிதில்லை. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசெம்பரில். ஆகவே எமது கல்லூரியும் இலங்கை வானொலியும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர். 1931 இலேயே பாடசாலைகளுக்கான ஒலிபரப்பு வந்துவிட்டது. பின்னாளில், 1990 களின் இறுதியில், கொத்மலைச் சமூக வானொலியில் யுனெஸ்கோ உதவியுடன் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கேட்பவர்கள் கேள்வி அனுப்புவார்கள், நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, விடையை ஊர்மொழியில் வானொலியில் சொல்வார்கள். கணினி இல்லாத வீட்டுக்கும் இணையம் போனது. கொத்மலையில் அது நடந்த அதே காலத்தில் விசுவமடுவில் ஒரு சோடி பற்றரி வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. ஒரே தீவு, ஒரே வருடங்கள்.

2002 இல் ஏ-9 வீதி திறந்தபோது எங்களில் சிலர் ஊருக்குத் திரும்பினோம், சிலர் வெளிநாடு போனோம், ஒருத்தி விசுவமடுவிலேயே கலியாணம் செய்து தங்கிவிட்டாள். 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடியது. 2009 ஜனவரியில் போர் விசுவமடுவைக் கடந்து போனது. அந்த மாதங்களை இங்கே விரித்து எழுதும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஒன்றைமட்டும் பதிவுக்காகச் சொல்கிறோம்: அவள் வல்லிபுனத்துக்கும் பிறகு மாத்தளனுக்கும் ஓடியபோது பையில் வைத்திருந்தது பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் தன் ஆசிரியர் நியமனக் கடிதமும். வகுப்பு வரவு இடாப்பையும் எடுத்திருந்தாளாம். அதை வழியில் விட்டுவிட்டாள். ‘பிள்ளையளைத் தூக்கிறதோ இடாப்பைத் தூக்கிறதோ’ என்றாள், பிறகொருநாள். செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் பள்ளிக்கூடம் நடந்தது. அந்த வருடம் ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சையும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையும் முகாமுக்குள்ளேயே வைத்தார்கள். அவள் அங்கேயும் படிப்பித்தாள்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு விசுவமடுவுக்கு முதலில் வந்தது தகரம், பிறகு கைபேசிக் கோபுரம், அதற்கும் பிறகுதான் வீடுகளுக்கு மின்சாரம். வரிசை இப்படித்தான் என்று அவள் சொல்கிறாள். விளக்கு வர முன்னரே போன் வந்துவிட்டது. சந்திக் கடையில் இருபது ரூபா கொடுத்து சார்ச் ஏற்றினார்கள்.

எங்கள் வகுப்புத் தோழியர் ஒருவரை ஒருவர் மறுபடி கண்டுபிடித்தது முகநூலில். பிறகு வைபர் குழு, பிறகு எல்லோரையும் போல வட்ஸ்அப். தொடக்கத்தில் கலியாணப் படங்களும் சமையல் குறிப்புகளும்தான். யாராவது ஒருவர் பழைய கல்லூரிச் சஞ்சிகைப் பக்கம் ஒன்றைப் போட்டால் அன்று முழுக்க அதே பேச்சு. அப்படித்தான் நூலகம் எண்ணிம நூலகத்தை எங்களில் பலர் அறிந்தோம். 2005 இல் தொண்டர்கள் தொடங்கிய அந்த இணைய நூலகத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. 1981 இல் நூலகம் எரிந்ததைப் பார்த்த ஊர்க்காரருக்கு அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. விசுவமடுத் தோழி அதிலிருந்து பாடத்துக்கு வேண்டியதை இறக்கிப் பிள்ளைகளுக்கு அச்செடுத்துக் கொடுத்து வந்தாள். எங்கள் ஞாயிறு வகுப்புக்கு விதை அதுதான்.

2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் நாட்டின் பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடப்பட்டன. உலகம் முழுதும் அதே நிலைதான். அடுத்த மாதமளவில் நூற்றைம்பது கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் பாடசாலைக்கு வெளியே நின்றதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருந்தன. தொலைக்காட்சியிலும் பாடம் போட்டார்கள். ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் கைபேசியில், சொந்தக் காசில் டேற்றா போட்டு, வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு அமைத்தார்கள். அமைச்சோ வலயமோ முறையாகத் திட்டமிட்டுச் சொல்ல முன்னரே ஊர் ஊராக ஆசிரியர்கள் தாங்களாகவே செய்த காரியம் அது. இலங்கைக் கல்வி வரலாற்றை எழுதப்போகிறவர்கள் அதைத் தனி அத்தியாயமாக எழுத வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஏப்பிரலில் ஒருநாள் விசுவமடுத் தோழி எங்கள் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாள். ‘பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ரீச்சர் பிள்ளைப்பேறு லீவு. நான் சமூகக்கல்விக்காரி. உங்களிலை எத்தினை பேர் வெளிநாட்டிலை கணக்கோடை இருக்கிறியள், ஆரெண்டாலும் ஞாயிற்றுக்கிழமையிலை ஒரு மணித்தியாலம் தாங்கோ.’ ரொறன்ரோவில் கணக்காளராக இருக்கும் ஒருத்தியும், லண்டனில் கணிதம் படிப்பிக்கும் ஒருத்தியும் கையை உயர்த்தினார்கள். மெல்பேண்காரி ஆங்கிலம் எடுக்கிறேன் என்றாள். விசுவமடுவில் இரவு ஏழு மணி. ரொறன்ரோவில் காலை ஒன்பதரை, லண்டனில் பின்னேரம் இரண்டரை, மெல்பேணில் இரவு பதினொன்றரை. மெல்பேண்காரி கொட்டாவி விட்டுக்கொண்டே இறந்தகால வினைச்சொல் படிப்பித்ததை நாங்கள் இன்றைக்கும் பகிடி பண்ணுவோம்.

கான் அக்கடமி தொடங்கிய கதை சிலருக்குத் தெரிந்திருக்கும். 2004 இல் பொஸ்ரனில் இருந்த சல்மான் கான் நியூ ஓர்லியன்சில் இருந்த மச்சாள்காரிக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேர, 2006 இல் பாடங்களை யூரியூப்பில் போடத் தொடங்கினார். எங்களுக்கும் அப்படி ஒரு கனவு வராமல் இல்லை. முதல் ஞாயிறே அது கலைந்தது.

சூம் வகுப்பு என்று அறிவித்தோம். நான்கு பிள்ளைகள் வந்தார்கள். அதில் இரண்டு பேருடைய முகம் நின்ற இடத்தில் நின்றது, குரல்மட்டும் துண்டு துண்டாக வந்தது. ஒருவன் குளக்கட்டில் நின்று பேசினான். வீட்டில் சிக்னல் இல்லையாம். நாற்பதாவது நிமிடத்தில், இலவசக் கணக்கு என்பதால், எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டது. அடுத்த நாள் ஒரு தாய் தோழியிடம் சொன்னார்: ‘ரீச்சர், ஒரு வகுப்புக்கே போட்ட காட் முடிஞ்சுது.’ டேற்றா கூலிக்காரக் குடும்பத்தின் சாமான் காசிலிருந்து போகிறது என்பது நால்வருக்கும் அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது ஞாயிறோடு சூமை விட்டோம். பாடத்தை ஐந்து நிமிடக் குரல் பதிவுகளாக வெட்டினோம். கரும்பலகை வேலையைத் தாளில் எழுதிப் படம் எடுத்து, பதிவோடு அனுப்பினோம். பிள்ளைகள் கொப்பியில் செய்து படம் எடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். லண்டன்காரி கைபேசித் திரையிலேயே சிவப்பால் திருத்தினாள். ஏழு மணி என்பது தொடங்கும் நேரம் மாத்திரம். போன் வீட்டுக்கு வரும் நேரத்தில் பிள்ளை கேட்டுக்கொள்ளலாம். ஒரு வீடியோவுக்கு ஆகும் டேற்றாவில் ஒரு மாதக் குரல் பதிவு கேட்கலாம் போலிருந்தது. அதைவிட முக்கியம், குரல் பதிவைத் திருப்பித் திருப்பிக் கேட்கலாம். விளங்கவில்லை என்று வகுப்பில் கையுயர்த்தக் கூச்சப்படும் பிள்ளை, இரவு பத்து மணிக்கு ‘மிஸ், மூன்றாவது வரி எப்படி வந்தது’ என்று எழுதினாள். நேர் வகுப்பில் கேட்டிருக்க மாட்டாள்.

பாமினி எழுத்துருவால் பட்ட பாட்டையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். எங்கள் ஆசிரியர்கள் வருடக்கணக்காக வினாத்தாள்களைப் பாமினியில்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கணினியில் அழகாக இருக்கும். கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கண்டபடி நிற்கும். ‘மிஸ், இது என்ன பாஷை’ என்று ஒரு பெடியன் கேட்டான். ஒருங்குறிக்கு மாற்றத் தெரிந்தது ஒருத்திக்குத்தான், அவளும் ரொறன்ரோவில் வேலைக்குப் போய்விட்டு இரவில் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் தாளையே படம் எடுத்து அனுப்புவது சுகம் என்றாகிவிட்டது. 1996 இன் துண்டுக் கடதாசிக்கே திரும்பி வந்து சேர்ந்தோம்.

தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் உயர்தரப் பரீட்சைத் தாள்கள், மாகாணத் தவணைத் தாள்கள் எல்லாம் இந்தக் காலத்தில் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. நகரத்து ரியூட்டரிக்குப் போகும் பிள்ளைக்குக் கிடைக்கும் தாள் விசுவமடுவுக்கும் அதே நாளில் வந்தது. இது பெரிய மாற்றம். இணையக் கல்வியைப் பற்றி நாங்கள் சொல்லும் குறைகளோடு இதையும் சேர்த்து எழுதாவிட்டால் கணக்குச் சரிவராது.

குறை என்ன என்றால், வராத பிள்ளைகள். வகுப்பில் பாதிக்கு மேல் எங்கள் குழுவில் கடைசிவரை இருக்கவில்லை. ஸ்மார்ட் போன் இல்லாத வீடு, இருந்தும் அது ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தாயோடு காலையில் போய் இரவில் வரும் வீடு, ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள் உள்ள வீடு. மூன்றில் மூத்தது பெடியன் என்றால் போன் அவனுக்கு. பெட்டைக்கு இரவில் போன் எதற்கு என்று கேட்ட வீடுகளும் உண்டு. கச்சான் பிடுங்கும் காலத்தில் பிள்ளைகளே கூலிக்குப் போனார்கள். பதுளைப் பக்கம் மலையேறிச் சிக்னல் தேடிய பிள்ளைகளின் படங்கள் 2021 இல் உலகச் செய்தியாகின. விசுவமடுவில் ஏற மலை இல்லை. குளக்கட்டும் பாலைமரமும்தான். 2020 இறுதியில் யுனிசெவ் சொன்ன கணக்குப்படி, உலகில் 3 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வீட்டில் இணையம் இல்லை. எங்கள் வகுப்பு அந்தக் கணக்கின் ஒரு சின்னத் துண்டு.

இனி எங்கள் பிழை. மறைத்து எழுதினால் இது வரலாறு ஆகாது. 2020 ஓகஸ்டில் எங்களில் ஒருத்தி, நல்ல மனதோடுதான், சூம் வகுப்பில் எடுத்த திரைப்படம் ஒன்றை முகநூலில் போட்டாள். பிள்ளைகளின் முகம், பின்னால் தகரச் சுவர், ஒரு வீட்டில் கயிற்றில் காய்ந்த துணி எல்லாம் தெரிந்தது. ‘எங்கள் உறவுகளுக்குக் கைபேசி வாங்கிக் கொடுப்போம்’ என்று எழுதியிருந்தாள். காசும் சேரத் தொடங்கியது. மூன்றாம் நாள் அது சுற்றிச் சுழன்று விசுவமடுவுக்கே வந்தது. ஒரு தகப்பன் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து எங்கள் தோழியிடம் கேட்டார்: ‘என்ரை பிள்ளையின்ரை படத்தைக் காட்டிக் காசு கேக்கச் சொல்லி நான் உங்களிட்டைச் சொன்னனானே ரீச்சர்?’ அவளிடம் பதில் இல்லை. 2009 இல் அந்த மக்களைச் சுற்றிச் சுற்றி எத்தனை கமெராக்கள் படம் எடுத்தன என்பதை வெளிநாட்டில் இருந்த நாங்கள் மறந்துபோனோம்.

படத்தை அன்றே எடுத்தோம். முகநூலில் போட்டதை முழுதாக எடுக்க முடியாது என்பதும் தெரிந்தது. பகிர்ந்தவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினோம், சிலர் பதிலே போடவில்லை. அந்தத் தகப்பனின் மகள் எங்கள் குழுவிலிருந்து விலகினாள், பிறகு வரவில்லை. சேர்ந்த காசுக்கு ஆறு பழைய கைபேசிகள் வாங்கி, பாடசாலை வழியாக, பெயர் சொல்லாமல் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் பிள்ளையின் முகம் கேட்பதில்லை, கொப்பியின் படம்மட்டும்தான். நாங்கள் ஐவரும் இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்த கிழமைகள் உண்டு.

இரண்டாவது சண்டை 2021 ஜூலையில். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி நாடு முழுக்க ஆசிரியர்கள், அதிபர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். ஒக்டோபர் வரை நீண்டது. சொந்தக் காசில் டேற்றா போட்டு ஒரு வருடத்துக்கு மேல் படிப்பித்தவர்களின் கோபம் நியாயமானது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எங்கள் ஞாயிறு வகுப்பு நடக்கலாமா? நடத்தினால் போராட்டத்தில் நிற்கும் தோழியைக் காட்டிக்கொடுப்பது போலாகும் என்று யாழ்ப்பாணத்துக்காரி சொன்னாள். லண்டன்காரி, ‘சாதாரண தரம் எடுக்கிற பிள்ளைக்கு இது விளங்குமா?’ என்று கேட்டாள். விசுவமடுத் தோழி மூன்று நாள் ஒன்றும் எழுதவில்லை. பிறகு எழுதினாள்: குழுவில் அவள் இருக்க மாட்டாள், மற்றவர்கள் நடத்துவதைத் தடுக்கவும் மாட்டாள். அப்படியே செய்தோம். அது சரியா பிழையா என்பதில் இன்றும் ஐவருக்குள் ஒருமித்த கருத்து இல்லை, ஆகவே இருபக்கத்தையும் எழுதி விடுகிறோம்.

2022 இன் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் இறுதியில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, தாளுக்கே தட்டுப்பாடு. ஏப்பிரல் 3 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நாட்டில் வட்ஸ்அப், முகநூல், யூரியூப் எல்லாம் முடக்கப்பட்டிருந்தன. ஊரடங்கு வேறு. எங்களுக்கு அது வகுப்பு நாள். பரீட்சைக்கு ஏழு கிழமை. பிற்பகலில் தடையை நீக்கிவிட்டார்கள் என்பதால் ஏழு மணி வகுப்புக்கு இடைஞ்சல் வரவில்லை. ஆனால் அன்று காலை ரொறன்ரோவில் ஒருத்தியும் லண்டனில் ஒருத்தியும் நித்திரையில்லாமல் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய காலத்துப் பயம் அது, ஏ-9 மூடின நாளில் வந்த அதே பயம். பாதையை மூடுகிற கை எங்கிருந்து வரும் என்று தெரியாமல் வளர்ந்தவர்கள் நாங்கள்.

பின்போடப்பட்ட 2021 ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை 2022 மே 23 இல் தொடங்கியது. எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்கள். அதோடு ஞாயிறு வகுப்பை நிறுத்தினோம். பள்ளிக்கூடங்கள் திறந்தன, கணக்குக்கு ஆசிரியர் வந்தார். நாங்கள் தேவைப்படவில்லை.

இந்த மலருக்காக அந்த இரண்டு வருடத்தையும் எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் எங்களிடம் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது. விசுவமடுத் தோழியின் பழைய போன் கிணற்றடியில் விழுந்து செத்துவிட்டது. ரொறன்ரோக்காரி போன் மாற்றியபோது குழுவின் பதிவுகள் வரவில்லை. லண்டன்காரி இடம் காணாது என்று அழித்துவிட்டாள். மெல்பேணில் சில ஆங்கிலப் பாடங்கள் மிஞ்சின. 1996 இன் கொப்பிகள் 2009 இல் போயின, 2020 இன் குரல்கள் பேர் சொல்லக்கூட ஒரு குண்டு விழாமல் போயின. ஆயிரக்கணக்கான வன்னி ஆசிரியர்களின் கைபேசிகளில் இருந்த வகுப்பறைகளுக்கும் இதே கதிதான் ஆகியிருக்கும். அச்சடித்த சஞ்சிகை ஒன்று யாருடைய பெட்டியடியிலாவது கிடந்து பத்து வருடத்துக்குப் பிறகு நூலகத்துக்குப் போய்ச் சேரும். குரல் பதிவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஆகவே உங்களில் யாரிடமாவது அந்தக் காலத்து வகுப்புப் பதிவுகள், வினாத்தாள் படங்கள், பெற்றோருக்கு எழுதிய அறிவித்தல்கள் இருந்தால், போன் மாற்ற முன்னர் ஒரு பிரதி எடுத்து சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். பிள்ளைகளின் முகங்களை விட்டுவிட்டு அனுப்புங்கள்.

எங்கள் வகுப்புக்கு ஒரேயொரு முழுப் பதிவு இருக்கிறது. அது ஒரு சீ.ஆர். கொப்பி. அந்தப் பிள்ளையின் தாய் தொழிற்சாலையிலிருந்து வந்த பிறகுதான் போன் அவள் கைக்குக் கிடைக்கும். சார்ச் முடிய முன்னர் குரல் பதிவுகளைக் கேட்டு ஒரு வரி விடாமல் எழுதிவிடுவாள், ‘மிஸ் இந்த இடத்தில் சிரித்தா’ என்பது உட்பட. அடுத்தநாள் அந்தக் கொப்பி போன் இல்லாத மூன்று சிநேகிதிகளின் வீடுகளுக்குப் போகும். இரண்டு வருடத்தில் நான்கு கொப்பிகள், தைத்து ஒன்றாக்கியிருக்கிறாள். ஓரங்களில் மற்ற மூவரின் கையெழுத்தும் இருக்கிறது. அவளுக்குக் கணக்கில் ‘சி’ வந்தது, இப்போது கிளிநொச்சியில் வேலை செய்துகொண்டு மேலே படிக்கிறாள்.

மலருக்காக அதை ஸ்கான் பண்ணத் தருவாளா என்று தோழி போய்க் கேட்டாள். யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். கடைசிப் பக்கங்களில் வீட்டுக் கடன் கணக்கு இருக்கிறது, அதை எடுக்க வேண்டாம் என்றாள். ஒரு கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னாள். தம்பிக்கு இந்த வருடம் சாதாரண தரம், அவன் அதில்தான் படிக்கிறானாம்.